புழுதிக்கும் ஒரு ஊர் உண்டு

புழுதிப் புயல் என்றதும் நம்மில் பலருக்கு ராஜஸ்தானும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். மனித நடமாட்டம் அதிகம் இல்லாத ஏதோ ஒரு பாலைவனத்தில் காற்று தன் போக்கில் ஆடுகிற ஆட்டம் என்று நினைத்துக்கொள்வோம். நகரத்துக் காற்று கெட்டுப்போனது என்றால் அதற்குக் காரணம் பஸ், லாரி, தொழிற்சாலைப் புகை. இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது நம் எண்ணம்.

அப்படி இல்லை என்று ஒரு தேசத்துக்கே புரிந்த நாள் ஒன்று வரலாற்றில் உண்டு. 1934-ம் வருஷம் மே மாதம் 11-ம் தேதி, வெள்ளிக்கிழமை. இடம், நியூயார்க்.

அன்று பகலில் நியூயார்க் நகரத்தின் மேல் ஒரு மங்கலான திரை விழுந்தது. சூரியன் மங்கிப்போனது. துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைகூடப் புழுதியில் மறைந்தது. சுமார் ஐந்து மணி நேரம் நகரம் அரை வெளிச்சத்தில் இருந்தது. ஜனங்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. அந்தப் புழுதி பக்கத்து ஊரிலிருந்து வந்ததல்ல. ஏறத்தாழ 1,500 மைல் தாண்டி, நாட்டின் நடுவே உள்ள சமவெளியிலிருந்து வந்தது. கன்னியாகுமரியில் கிளம்பிய புழுதி தில்லியில் போய் விழுந்தால் எப்படி இருக்கும்? தூரத்தை அப்படித்தான் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நியூயார்க் வருவதற்கு முன்னால் அந்த மேகம் சிகாகோவைக் கடந்தது. அங்கே மட்டும் ஒரு கோடியே 20 லட்சம் பவுண்டு மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது என்று கணக்கிட்டார்கள். ஊரில் இருந்த ஜனத்தொகைக்குப் பங்கு போட்டால் தலைக்கு நான்கு பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. அதற்கப்புறம் பாஸ்டன், வாஷிங்டன், அட்லாண்டா. அதோடும் நிற்கவில்லை. அட்லாண்டிக் கடலில், கரையிலிருந்து 300 மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த கப்பல்களின் மேல்தளத்திலும் மண் படிந்தது. மொத்தம் 35 கோடி டன் மண் அந்த ஒரே புயலில் கிளம்பியது என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

அந்த மண் மணல் அல்ல. கோதுமை விளைந்த வயலின் மேல்மண்.

புல்லைப் பெயர்த்த கதை

அமெரிக்காவின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கிறது பெருஞ்சமவெளி. வடக்கே மொன்டானா, டகோட்டா. தெற்கே கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ். இதன் மேற்குப் பகுதியில் மழை குறைவு. வருஷத்துக்கு 20 அங்குலம் பெய்தாலே அதிகம். காற்றுக்கு மட்டும் குறைவில்லை. ஆனாலும் பல்லாயிரம் வருஷங்களாக அந்த மண் பெரும்பாலும் அங்கேயேதான் கிடந்தது. காரணம் புல். குட்டையான புல்தான், ஆனால் வேர் ஆழமாகவும் நெருக்கமாகவும் பின்னிக்கொண்டு மண்ணை இறுகப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் புல்லை மேய்ந்துகொண்டு லட்சக்கணக்கில் காட்டெருமைகள் திரிந்தன. அவற்றை நம்பிப் பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள்.

19-ம் நூற்றாண்டில் இரண்டையும் ஒழித்தாயிற்று. 1862-ல் வந்த சட்டப்படி, குடியேறி உழுகிறவனுக்கு 160 ஏக்கர் நிலம். 1909-ல் வறண்ட பகுதிகளுக்கு அது 320 ஏக்கர் ஆனது. அங்கே மழை குறைவாயிற்றே என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பதில் வைத்திருந்தார்கள்: கலப்பை போன இடத்துக்கு மழை தானே பின்னால் வரும். ரயில் கம்பெனிக்காரர்களும் நிலத் தரகர்களும் மட்டுமல்ல, படித்தவர்களே இதை நம்பினார்கள்.

பிறகு முதல் உலகப்போர் வந்தது. ஐரோப்பாவுக்குக் கோதுமை தேவைப்பட்டது. ஒரு புஷல் கோதுமை 2 டாலருக்கு மேல் போனது. புதிதாக வந்த டிராக்டர்களையும் வட்டுக் கலப்பைகளையும் கடனில் வாங்கி, விவசாயிகள் புல்தரையை உழுது தள்ளினார்கள். போர் முடிந்து விலை இறங்கியதும் என்ன செய்திருக்க வேண்டும்? உழவைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் டிராக்டர் தவணை கட்ட வேண்டுமே! விலை பாதியானால் இரண்டு பங்கு விதைத்தால்தான் தவணைக்குக் கட்டுபடியாகும். ஆகவே இன்னும் உழுதார்கள். விதைப்புக்கு ஒரு தடவை, அறுப்புக்கு ஒரு தடவை மட்டும் நகரத்திலிருந்து வந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘சூட்கேஸ் விவசாயி’ என்றே பெயர்.

1931-ல் அமோக விளைச்சல். விலை 40 சென்டுக்கும் கீழே போனது. பலர் நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். புல்லும் இல்லை, பயிரும் இல்லை. வெறும் உழுத மண். அதன்மேல் வறட்சி வந்து உட்கார்ந்தது. அப்புறம் காற்று.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கலப்பை போவதற்கு முன்பும் அங்கே புழுதிப் புயல்கள் இருந்தன. ஜேம்ஸ் மாலின் என்ற கான்சாஸ் வரலாற்றாசிரியர் 1850 முதலான பழைய பத்திரிகைகளைத் தோண்டி எடுத்து இதை எழுதியிருக்கிறார். வறட்சி இயற்கைதான், காற்றும் இயற்கைதான். ஆனால் அந்தக் காற்றுக்கு இத்தனை மண்ணைத் தயாராக எடுத்துக் கொடுத்தது மனிதன்.

மண் எப்படிப் பறக்கிறது

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் காற்று எதைத் தூக்கும், எதைத் தூக்காது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ எஞ்சினியர். லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்தவர். பிறகு லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்து, 1941-ல் மணலின் நகர்வைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்றைக்கும் இந்தத் துறையில் அதுதான் அடிப்படை நூல்.

விஷயம் இதுதான். மிக நுண்ணிய தூளைக் காற்று நேரடியாகக் கிளப்புவது கடினம்; அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுத்தரமான மணல் துகள்கள்தான் முதலில் நகரும். அவை உயரே பறப்பதில்லை. தவளை மாதிரித் தத்தித் தத்திப் போகும். ஒவ்வொரு தடவை தரையில் விழும்போதும் அங்கே ஒட்டிக்கிடக்கும் தூளை அடித்துக் கிளப்பிவிடும். அப்படிக் கிளம்பிய தூள்தான் மைல் கணக்கில் உயரே ஏறி, நாட்டைக் கடந்து, நகரத்துக்கு வந்து சேர்கிறது. மணல் ஊரிலேயே தங்கிவிடும். தூள் பயணம் போகும்.

பயணம் போகிற அந்தத் தூளைத்தான் இன்றைக்கு பி.எம்.10 என்கிறோம். 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான துகள். நம் தலைமுடியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கில் உள்ள முடி இதில் பெரும்பகுதியைத் தடுக்காது. அதிலும் சிறிய பி.எம்.2.5, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும். புழுதிப் புயலில் பி.எம்.10 பல மடங்கு ஏறும், பி.எம்.2.5-ம் ஏறும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. புகை மூட்டத்தில் நிலைமை நேர்மாறு. காற்றுத் தர எண்களைப் பார்த்தே இன்றைக்கு வந்தது புழுதியா புகையா என்று நிபுணர்கள் சொல்லிவிடுவது இப்படித்தான்.

ஊருக்குள் இருந்தவர்கள் பட்டது

நியூயார்க்காரர்களுக்கு ஐந்து மணி நேரம். சமவெளியில் இருந்த டாட்ஜ் சிட்டி, அமரில்லோ போன்ற ஊர்களுக்கு அதுவே வருஷக்கணக்கான வாழ்க்கை. ஜன்னல்களில் ஈரத் துணி கட்டித் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைக் கவிழ்த்தே வைத்திருந்து, பரிமாறும்போதுதான் நிமிர்த்துவார்கள். மூக்குக்குள் வாசலின் தடவிக்கொண்டார்கள். உலர்ந்த தூள் உராய்ந்து மின்சாரம் ஏறுவதால் கார் எஞ்சின்கள் நின்றுபோகும். அதற்காக ஒரு சங்கிலியைத் தரையில் இழுபடும்படி கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

நோய் பிறகு வந்தது. குழந்தைகளும் வயதானவர்களும் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்தார்கள். ‘புழுதி நிமோனியா’ என்று ஊரார் பெயர் வைத்தார்கள். 1935 வசந்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அவசர ஆஸ்பத்திரிகளைத் திறந்து முகமூடிகள் வினியோகித்தது. கோவிட் காலத்துக்கு எண்பத்தைந்து வருஷம் முன்னால் முகமூடி கட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புகைப்படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

மண்ணோடு வேறு என்னென்ன வரும் என்பதற்குப் பிற்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. 1977 டிசம்பரில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் பெரும் புழுதிப் புயல் அடித்தது. அந்தப் பகுதி மண்ணில் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ உண்டாக்கும் ஒரு பூஞ்சை உண்டு. அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, சாக்ரமென்டோ பகுதியில் அந்தக் காய்ச்சல் பரவியது. வயலில் கால் வைக்காத நகரவாசிகளுக்கு வயல் மண்ணின் நோய்.

ஜன்னல் பக்கம் வாருங்கள்

இந்தக் கதையின் நாயகர் ஹ்யூ பென்னெட். வட கரோலினாவில் ஒரு விவசாயிக்கு 1881-ல் பிறந்தவர். ஆஜானுபாகு. 1903-ல் மத்திய விவசாய இலாகாவில் மண் ஆய்வாளராகச் சேர்ந்தார். வேலை, ஊர் ஊராகப் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்து வரைபடம் போடுவது. வர்ஜீனியாவில் ஒரு நாள், பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஒன்றில் காட்டு மண் பொலபொலவென்று இருப்பதையும், உழுத நிலத்தில் மேல்மண் போய்க் களிமண் கட்டியாகிக் கிடப்பதையும் பார்த்தார். மண் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஏடு ஏடாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

மேலதிகாரிகளுக்குப் புரியவில்லை. அவருடைய இலாகாவே 1909-ல் வெளியிட்ட அறிக்கையில், தேசத்தின் சொத்துக்களில் எக்காலத்திலும் தீராதது மண் ஒன்றுதான் என்று எழுதி வைத்திருந்தது. சர்க்கார் உத்தியோகம் பார்த்த நமக்குத் தெரியாதா, ஃபைலில் ஏறிவிட்ட ஒரு வாக்கியத்தை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று! பென்னெட் இருபது வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தார். 1928-ல் மண் அரிப்பு ஒரு தேசிய அபாயம் என்று அவர் எழுதிய பிரசுரம் வந்தது. 1933-ல் மண் அரிப்புக்கென்று ஒரு தாற்காலிக அலுவலகம் அமைத்து, அவரைத் தலைவராகப் போட்டார்கள். தாற்காலிகம் என்றால் பணமும் தாற்காலிகம். நிரந்தரச் சட்டம் வேண்டும். அதற்குக் காங்கிரஸ் சம்மதிக்க வேண்டும்.

1935 வசந்தத்தில் செனட் கமிட்டி முன்னால் சாட்சி சொல்லப் போனார். அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் கதை இது. மேற்கே ஒரு புழுதிப் புயல் கிளம்பி வாஷிங்டனை நோக்கி வருகிறது என்று அவருக்கு முன்பே தகவல் உண்டு. ஆகவே புள்ளிவிவரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிதானமாக, நேரத்தை இழுத்துக்கொண்டே பேசினார். செனட்டர்களுக்குக் கொட்டாவி. கடைசியில் ஒருவர், வெளியே என்ன இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். வாஷிங்டன் வானம் செம்பழுப்பாக இருந்தது. இத்தனை நேரம் நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்றாராம் பென்னெட்.

கதை சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கும். வரலாற்றாசிரியர்கள் தேதியையும் மற்றதையும் ஆராய்ந்து சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த மார்ச் மாதம் வாஷிங்டனில் புழுதி வந்தது நிஜம். ஏப்ரல் 14-ம் தேதி, பின்னால் ‘கறுப்பு ஞாயிறு’ என்று பெயர் பெற்ற மாபெரும் புயல் தெற்குச் சமவெளியைப் பட்டப்பகலில் கும்மிருட்டாக்கியதும் நிஜம். அதைப் பற்றி எழுதிய ராபர்ட் கைகர் என்ற செய்தியாளர்தான் ‘டஸ்ட் பவுல்’ என்ற பெயரை அச்சில் கொண்டுவந்தார். ஏப்ரல் 27-ல், அதாவது பதின்மூன்றே நாளில், மண் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

என்னை இந்த இடம்தான் யோசிக்க வைக்கிறது. கான்சாஸிலும் ஒக்லஹோமாவிலும் ஜனங்கள் மூன்று வருஷமாகப் புழுதியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது வராத சட்டம், புழுதி நியூயார்க் மூக்கிலும் வாஷிங்டன் ஜன்னலிலும் ஏறிய பிறகு வந்தது.

சட்டத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுவது, பயிரையும் புல்லையும் பட்டை பட்டையாக மாற்றி விதைப்பது, வரப்பு போடுவது என்று பென்னெட்டின் ஆட்கள் வயலில் இறங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். காற்றைத் தடுக்க வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை வரிசை வரிசையாக மரம் நட்டார்கள். 1942-க்குள் சுமார் 22 கோடி மரங்கள். உழவே கூடாத நிலங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கி மீண்டும் புல் விதைத்தது. கான்சாஸில் இன்றைக்குச் சிமரான் தேசியப் புல்வெளி என்று இருப்பது அப்படி வாங்கிய நிலம்தான். 1950-களில் மறுபடியும் கடும் வறட்சி வந்தது, புழுதியும் கிளம்பியது. ஆனால் முப்பதுகளின் கோரம் திரும்பவில்லை.

நம் தலைநகரத்துக்கு வருவோம்

நான் 1974-ல் வேலை கிடைத்துத் தில்லி போனவன். மே, ஜூன் மாதங்களில் சாயங்காலம் மேற்கே வானம் மஞ்சளாகும். பக்கத்துப் போர்ஷன் பஞ்சாபி அம்மாள், “ஆந்தி ஆ ரஹீ ஹை!” என்று குரல் கொடுப்பார். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடிக் காய்கிற துணியையும் கயிற்றுக் கட்டிலையும் எடுப்போம். அரை மணி நேரம் கண் தெரியாது, பிறகு நாலு தூறல், அப்புறம் குளிர்ந்த காற்று. வெயிலில் வெந்த உடம்புக்கு அது சொர்க்கமாக இருக்கும். வீடு பெருக்குவது மட்டும் நரகம்.

இந்த ஆந்தி புதிதல்ல. லாகூரில் இருந்த பேட்லி என்ற ராணுவ டாக்டர் இந்தியாவின் புழுதிப் புயல்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதி 1860-ல் லண்டனில் வெளியிட்டிருக்கிறார். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி, முன்னால் இருக்கும் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வருவதுதான் ஆந்தி. பின்னால் மழை வந்தால் காற்று கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். ஆபத்தில்லாதது என்று சொல்ல வரவில்லை. 2018 மே 2-ம் தேதி ராத்திரி உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அடித்த புயலில் வீடும் மரமும் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இன்னொரு வகை உண்டு. மேற்கேயிருந்து வறண்ட காற்று நாள் கணக்கில் வீசித் தூளை மட்டும் கொண்டுவந்து நிறுத்திவிடும், மழை வராது. அதே 2018-ல் ஜூன் நடுவில் தில்லியில் அப்படித்தான் ஆனது. சூரியன் வெள்ளைத் தட்டு மாதிரித் தெரிந்தது. பி.எம்.10-க்கு நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம். அப்போது அதன் பல மடங்கு. கட்டட வேலைகளைச் சில நாட்கள் நிறுத்தச் சொன்னார்கள். மற்ற தலைநகரங்களுக்கும் இதே கதிதான். 2021 மார்ச் 15-ல் மங்கோலியப் பக்கமிருந்து வந்த புயலில் பெய்ஜிங்கின் சில பகுதிகளில் பி.எம்.10 அளவு 8,000-ஐத் தாண்டியது.

புயல் ஓய்ந்தால் தொல்லை ஓய்ந்தது என்றும் இல்லை. ரோட்டோரம் படிந்த தூளை ஒவ்வொரு பஸ்ஸும் மறுபடி கிளப்பும். டயர்த் தூள், டீசல் கரி எல்லாம் அதோடு சேரும். கிராமத்து மண்ணாக வந்தது நகரத்துச் சரக்காக மாறி இன்னும் சில நாட்கள் மூச்சில் சுற்றும்.

தில்லிக்கு மேற்கே ஒரு வேலி இருக்கிறது. அரவல்லி மலைத்தொடர். உயரம் அதிகமில்லை, ஆனால் தார்ப் பாலைவனத்தின் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் வயதான காவல்காரன். அதைக் கல்லுக்காக வெட்டி எடுத்துக்கொண்டே போனார்கள். ஃபரிதாபாத், குர்கான், மேவாத் பகுதிகளில் சுரங்க வேலையை 2009-ல் சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது. 2018 அக்டோபரில் ராஜஸ்தான் பக்கம் 31 குன்றுகள் காணாமல் போய்விட்டன என்ற விவரம் கோர்ட்டுக்கு வந்தபோது, தில்லியின் காற்று கெட்டுப்போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். வெட்டிய கல்லில் எவ்வளவு தில்லியின் கட்டடங்களுக்கே வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. பெருங்காற்றில் வந்த புழுதியால் ஒரு நகரத்தின் காற்று கெட்டால், அந்த நாளை ‘விதிவிலக்கு’ என்று கணக்கிலிருந்து தள்ளிவிடச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் சும்மா கிடைக்காது. புழுதி கிளம்பிய இடம் மனிதன் கைவைத்த நிலமாக இருந்தால், அங்கே மண்ணைக் காப்பாற்ற நியாயமாகச் செய்ய வேண்டியதைச் செய்திருந்தோம் என்று காட்ட வேண்டும். பென்னெட் சொன்னது விதிப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

நம் செய்திகளில் புழுதிப் புயல் வந்தால் காற்றுத் தர எண், விமானம் தாமதம், முகமூடி அணியுங்கள் என்ற அறிவுரை, இவ்வளவும் வரும். எந்த ஊர் மண், யார் வயல், எந்தக் குன்று என்ற விவரம் வராது. அதையும் கேட்கப் பழக வேண்டும். அங்கே இருக்கிறவர்கள் நம்மைவிடப் பல வருஷம் முன்பிருந்தே அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.